குறட்டை சொல்லும் சேதி

உறங்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்திருப்பது போன்ற இன்பம் இல்லறத்தார்க்கு வேறில்லை. பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளை, விளக்கணைத்த சிறிது நேரத்தில் உலகை மறந்து கண்மூடிக் கிடக்கும்போது, அன்றைய கவலைகள் யாவும் நம்மை விட்டு அகன்று விடுகின்றன. அப்பிள்ளை சற்றுக் குறட்டையும் விடுமானால், “பெரிய துரை தூங்குகிறார், சத்தம் போடாதீர்கள்” என்று சொல்லிச் சிரிக்கிறோம். குறட்டை ஆழ்ந்த நித்திரையின் அடையாளம் என்பது நம்மவர் தொன்றுதொட்டு நம்பி வரும் சங்கதி. நாமும் நாற்பது வயதைக் கடக்கும் வரை அவ்வாறே நம்பியிருந்தோம். பட்டம் பெற்று, கல்லூரியில் பிறர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைக்கும் எமக்கு, அது தவறு என்று உணர்த்தியவர் எழுத்தறியாத எமது தாயார்.

நாம் பிறந்தது ஊவா மாகாணத்திலே, கொஸ்லந்தைக்கு மேலே மீரியபெத்தவை அடுத்துள்ள தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில். படிப்பும் உத்தியோகமும் எம்மைப் பதுளைக்கு இழுத்து வந்தன. தங்கை இன்றும் அங்கேதான் கொழுந்து பறிக்கிறாள். தாயாரும் அவளுடனேயே இருக்கிறார். தங்கையின் இளைய மகன் ‘டவுன் சிண்ட்ரோம்’ என்னும் நிலையோடு பிறந்தவன். 1866 ஆம் ஆண்டில் லாங்டன் டவுன் என்ற ஆங்கில வைத்தியர் இதனை விவரித்தெழுதியமையால் அவர் பெயர் இதற்கு நிலைத்தது. உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 46 நிறமூர்த்தங்கள் இருக்கவேண்டிய இடத்தில் 47 இருப்பதே இதற்குக் காரணம் என்பது 1959 இல் வெளியாயிற்று. இப்பிள்ளைகள் நடப்பதற்கும் பேசுவதற்கும் சற்றுக் காலம் எடுத்துக்கொள்வர். இவர்களிற் பாதிப்பேர் அளவில் இருதயக் குறைபாட்டோடு பிறக்கின்றனர். எமது மருமகனுக்கும் இருதயத்தில் சிறு துவாரம் ஒன்று இருந்தது. அதற்காகத் தங்கை அவனை மாதந்தவறாமல் கிளினிக்குக்குத் தூக்கிச் செல்வாள். அவனோ யாரைக் கண்டாலும் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரிப்பான். லயத்தில் அவனைக் கொஞ்சாத வீடு கிடையாது.

அவனுக்கு ஐந்து வயது நிறைந்த ஆண்டின் தீபாவளிக்கு நாம் அங்கே சென்றிருந்தோம். ஐப்பசி மழை விடாமற் பெய்துகொண்டிருந்தது. லயத்துக் காம்பரா என்பது பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேதான் படுக்கை, பெட்டி, சாமிபடம், பாடப்புத்தகம் யாவும். ஒருவர் இருமினால் அனைவரும் விழிக்கும் நெருக்கம். அன்றிரவு நாமும் அவர்களோடு பாய் விரித்துப் படுத்தோம்.

பிள்ளை வழக்கம்போலக் குறட்டை விடத் தொடங்கினான். நாமும் வழக்கம்போல, “துரை ஆரம்பிச்சிட்டாரு” என்றோம். மைத்துனர் சிரித்தார். எல்லாரும் உறங்கிப் போனார்கள்.

நள்ளிரவு தாண்டி எமக்கு விழிப்பு வந்தது. தகரத்தில் விழும் மழைச் சத்தத்தினூடே குறட்டை கேட்டுக் கொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. நல்லது, இனி நிம்மதியாகத் தூங்குவான் என்றே முதலில் எண்ணினோம். கண் இருளுக்குப் பழகியபோது பார்த்தால், பிள்ளை சம்மணமிட்டு அமர்ந்தபடி முன்னே குனிந்து, தலையைத் தன் காலிலேயே வைத்து உறங்கிக் கொண்டிருந்தான். அவனுடைய விலா ஏறி இறங்கியது. மூச்சு வந்த சத்தம் இல்லை. எம்மையறியாமல் எண்ணத் தொடங்கினோம். பன்னிரண்டு வரை எண்ணியாயிற்று. அப்போது இருளிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, அவனை மெல்லப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தது. நீரில் மூழ்கி எழுந்தவன் போல அவன் ஒருமுறை திணறி மூச்சிழுத்தான். குறட்டை மீண்டும் தொடங்கிற்று.

அந்தக் கை எமது தாயாருடையது. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“தூங்கலியாம்மா?” என்றோம்.

“இவன் மூணு மாசப் புள்ளையா இருந்ததுல இருந்து இப்படித்தான்ப்பா. ராத்திரிக்கு நாலு தடவை, அஞ்சு தடவை நின்னு நின்னு போகும். நான் புரட்டிப் போடுவேன். திரும்ப வந்துரும்.”

“ஏம்மா யாருகிட்டயும் சொல்லல?”

“அவனோட கூடப் பொறந்ததுன்னு நெனச்சேன். நீங்கெல்லாம் சிரிச்சீங்க. சரி, ஒண்ணுமில்ல போலன்னு இருந்துட்டேன்.”

ஐந்து ஆண்டுகள்! அந்தக் கிழவி ஐந்து ஆண்டுகளாக ஓர் இரவும் முழுமையாக உறங்காமல், தன் பேரனின் மூச்சுக்குக் காவல் இருந்திருக்கிறார். நாமெல்லாரும் அருகிலேயே படுத்துச் சிரித்துக் கொண்டிருந்திருக்கிறோம். விடியும் வரை எமக்கு உறக்கம் பிடிக்கவில்லை.

இந்நோய்க்கு வைத்தியர்கள் இட்ட பெயர் நீளமானது. நாம் இதனை ‘நித்திரை மூச்சடைப்பு’ என்று சொல்லலாம். விழித்திருக்கும்போது தொண்டையின் தசைகள் விறைப்பாக நின்று மூச்சுக் குழலுக்கு வழி திறந்து வைக்கின்றன. நித்திரையில் அவை தளர்கின்றன. வழி போதிய அகலமாயிருந்தால் தீங்கில்லை. தொண்டையின் இருபுறமும் உள்ள டொன்சில் சதையும், மூக்கின் பின்புறத்தில் உள்ள அடினொயிட் சதையும் பெருத்திருந்தால் வழி ஒடுங்குகிறது. ஒடுங்கிய வழியில் காற்று உராயும் ஒலியே குறட்டை. வழி முற்றாக அடைபட்டால் ஒலியும் நின்று விடுகிறது. நெஞ்சு மூச்சுக்காகப் போராடும், காற்றோ உட்செல்லாது. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை அபாய மணி அடித்துப் பிள்ளையை அரைகுறையாக எழுப்புகிறது. ஒருமுறை திணறி மூச்சிழுத்தபின் மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. இவ்வாறு ஓர் இரவிற் பலமுறை நிகழ்கிறது. காலையில் பிள்ளைக்கு இது எதுவும் நினைவிராது.

சாதாரணமாக நூறு பிள்ளைகளில் ஒருவர் முதல் ஐவர் வரை இந்நோய் காணப்படுகிறது. இரண்டு வயது முதல் எட்டு வயது வரை இது மிகுதி. அப்பருவத்திலே மூச்சுக் குழலின் அளவோடு ஒப்பிட அச்சதைகள் பெரியனவாக இருப்பதே காரணம். டவுன் சிண்ட்ரோம் உடைய பிள்ளைகளிலோ பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இது உண்டு. அவர்களுக்கு முகத்தின் நடுப்பகுதி சிறியது, தசைகள் தளர்ந்தவை, நாக்கு வாயின் அளவுக்குப் பெரிதாக அமைகிறது. அவர்கள் மட்டுமல்லர். தாடை மிகச் சிறுத்துப் பிறந்தவர்கள், அண்ணம் பிளந்து பிறந்தவர்கள், எலும்பு வளர்ச்சி குன்றிக் குள்ளமாக இருப்பவர்கள், தசைநோய் உள்ளவர்கள், மூளைவாதத்தாற் கைகால் விறைத்தவர்கள், அளவுக்கு மீறிப் பருத்த பிள்ளைகள் ஆகிய யாவரும் இந்த ஆபத்துக்கு அருகில் இருப்பவர்களே. பிராணவாயு இரவுதோறும் குறைந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. ஏற்கெனவே துவாரமுள்ள இருதயத்துக்கு அது சுமையின் மேற் சுமையாகும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளிடத்திலேதான் இந்நோய் எளிதில் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. பிள்ளை பகலிற் சோர்ந்திருந்தால், ‘அவன் நிலைமை அப்படி’ என்கிறோம். மூர்க்கம் பிடித்து ஓடினால் அதற்கும் அதுவே காரணம். பாயை நனைத்தாலும், உடம்பு தேறாவிட்டாலும், பேச்சு வராவிட்டாலும் அந்த ஒரே காரணத்தின் தலையில் எல்லாவற்றையும் ஏற்றி வைத்து விடுகிறோம். தங்கையும் ஒருமுறை ஓரிடத்தில் வைத்தியம் பார்ப்பவரிடம் குறட்டையைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். “இந்த மாதிரிப் பிள்ளைகள் இப்படித்தான்” என்ற மறுமொழி கிடைத்ததாம். அவள் அதன்பின் எவரிடமும் வாய் திறக்கவில்லை. டவுன் சிண்ட்ரோமை மாற்ற மருந்தில்லை என்பது உண்மை. அதனோடு ஒட்டிவந்த மூச்சடைப்புக்கு மருந்துண்டு என்பதும் அதேயளவு உண்மை. முன்னதைச் சொல்லிப் பின்னதைக் கைவிடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

ஆசிரியத் தொழில் செய்பவர் என்ற முறையில் நாம் ஒப்புக்கொள்ள வேண்டிய குற்றமும் ஒன்றுண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். வாயைத் திறந்தபடியே இருப்பான். முதற் பாடவேளையிலேயே தலை சாய்ப்பான். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘கவனமற்றவன், சோம்பல் மிகுந்தவன்’ என்று எம் கையாலேயே எழுதினோம். 1889 ஆம் ஆண்டிலேயே வில்லியம் ஹில் என்ற ஆங்கில வைத்தியர், மூக்கும் தொண்டையும் அடைபட்டு, இரவிற் குறட்டையும் பகலில் மந்தமுமாக இருக்கும் பாடசாலைப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர்தான் படித்தோம். அப்பிள்ளைகளின் ‘மூடத்தனம்’ தொண்டையில் இருந்து வருவது. தலையில் இருந்து அன்று என்பதே அவர் சொன்னதன் சாரம். அவர் எழுதியதை உலகம் மறந்தே போயிற்று. 1976 இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கில்லெமினோ என்ற வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும் எட்டுப் பிள்ளைகளை இரவில் ஆராய்ந்து எழுதிய பின்னரே இது குழந்தைகளுக்கும் உரிய நோயென்பது நிலைநாட்டப்பட்டது. எம் மாணவன் இன்று எங்கே இருக்கிறானோ, அறியோம்.

தீபாவளி கழிந்து நாம் பதுளைக்குத் திரும்பியபோது, தாயார் வழியனுப்பப் பாதை வரை வந்தார். அங்கிருந்து பார்த்தால், இடிந்த மலையின் தழும்பு தெரியும். 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி, தீபாவளி கழிந்து ஒரு வாரமான அந்தக் காலை வேளையில், மீரியபெத்த லயங்கள் மண்ணுக்குள் மறைந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மலை சொன்னதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் கேட்டபின் குடியேறுவதற்கு அந்த ஏழைகளுக்கு வேறிடம் இருக்கவில்லை. “முன்னாடியே சொல்லுச்சுப்பா, நம்மளால நகர முடியல” என்று தாயார் அந்தத் தழும்பைப் பார்த்துச் சொன்னார். பிள்ளையின் மூச்சைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. எமக்கு அதுவே நினைவாயிருந்தது. இந்தச் சிறு நெஞ்சும் ஐந்து ஆண்டுகளாக இரவுதோறும் எச்சரித்து வந்திருக்கிறது. இங்கே கேட்டபின் போவதற்கு இடமுண்டு. அப்படியிருக்க நாம் நகராமல் இருக்கலாமா?

மறுவாரமே தங்கையும் பிள்ளையும் பதுளைக்கு வந்தார்கள். எமது மூத்த மகள் முன்னேற்பாடாக ஒரு காரியம் செய்யச் சொல்லியிருந்தாள். அதன்படி மைத்துனர் தம் கைத்தொலைபேசியில் பிள்ளை உறங்குவதைச் சில நிமிடங்கள் படம் பிடித்து வைத்திருந்தார். சொல்லி விளங்க வைக்க முடியாததை அந்தப் படம் விளக்கிற்று. பதுளைப் பெரியாஸ்பத்திரியில் வைத்தியர் அதை ஒருமுறைக்கு இருமுறை பார்த்தார். மூச்சிழுக்கும்போது நெஞ்சு குழிவதும் வயிறு மேலெழுவதும் அதில் தெளிவாகத் தெரிந்தன. பிள்ளையின் விரலில் சிறு கவ்வி ஒன்றை மாட்டி, இரவு முழுவதும் பிராணவாயுவின் அளவைப் பார்த்தார்கள். அளவு பலமுறை விழுந்து எழுந்ததைக் காகிதத்தில் கண்டபோது, எமது தாயார் இருளில் எண்ணிய கணக்கு சரியென்று புலப்பட்டது.

இந்தப் பிள்ளைகளைப் பெற்றோரின் சொல்லை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதும் போதாது என்று வைத்தியர் சொன்னார். குறட்டையே இல்லை என்று பெற்றோர் கூறும் பிள்ளைகளிலும் நோய் இருப்பதுண்டாம். ஆகையால், டவுன் சிண்ட்ரோம் உடைய ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு வயது நிரம்புமுன் இரவு நித்திரைச் சோதனை செய்யவேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியக் கழகம் 2011 இல் அறிவுறுத்தியது. எல்லா நாட்டிலும் அது எளிதன்று; எனினும் கேட்பது நம் உரிமை.

இருதயத் துவாரம் இருந்தபடியால், சத்திர சிகிச்சையைக் கொழும்பிலே பொரளையிலுள்ள லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிற் செய்வதென்று முடிவாயிற்று. தங்கை அஞ்சினாள். “நெஞ்சுல ஓட்டை இருக்கிற புள்ளையை மயக்கத்துல போட்டா எந்திரிப்பானா அண்ணே?” என்று எம் கையைப் பிடித்துக் கொண்டு அழுதாள். அந்த அச்சம் அறிவற்றதன்று. இத்தகைய பிள்ளைகளுக்கு மயக்க மருந்திலும், சிகிச்சைக்குப் பின்வரும் முதலிரவிலும் மூச்சுச் சிக்கல் ஏற்படுவது மற்றவர்களிலும் அதிகம். அதற்காகவே அன்றிரவு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கண்காணிக்கிறார்கள். சிகிச்சை செய்வதிலும் ஆபத்துண்டு, செய்யாதிருப்பதிலும் ஆபத்துண்டு. முன்னதற்குக் காவலிருக்க வைத்தியர்கள் உண்டு, பின்னதற்கு உன் தாய் ஒருத்திதான் உண்டு என்று சொன்னோம். அதற்குமேல் அவள் அழவில்லை.

கொஸ்லந்தையிலிருந்து பலாங்கொடை, இரத்தினபுரி வழியாக பஸ்ஸிற் கொழும்புக்குப் போனார்கள். வேலைக்குப் போகாத நாட்களுக்குப் பேர் விழாது, சம்பளமும் கிடையாது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் கையிலிருந்ததைச் சேர்த்துக் கொடுத்தார்கள். டொன்சிலும் அடினொயிட்டும் நீக்கப்பட்டன. இரண்டாம் இரவில் தங்கை தொலைபேசியில் அழைத்து, “அண்ணே, சத்தமே இல்லை. வாய மூடிக்கிட்டு மூக்கால மூச்சு விடுறான்” என்றாள். வேறெதுவும் அவளாற் பேச முடியவில்லை.

இதனால் எல்லாம் தீர்ந்து விட்டதென்று நேயர்கள் எண்ணவேண்டாம். மற்றப் பிள்ளைகளிற் பெரும்பாலோர் இச்சிகிச்சையோடு தேறுகின்றனர். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிற் பலருக்கு ஓரளவு அடைப்பு எஞ்சி நிற்கிறது. ஆதலால் மறுபடியும் சோதிக்கவேண்டும். எஞ்சியது அதிகமாயின், மூக்கிற் கவசம் பொருத்தி மெல்லிய அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் கருவி உண்டு. ஆஸ்திரேலியாவிலே கொலின் சலிவன் என்பவர் 1981 இல் உலகுக்கு அறிவித்த முறை அது. எம் மருமகனுக்கு எஞ்சியது சிறிதளவே. மூக்கு மருந்தும், அடுப்புப் புகையிலிருந்து விலகிப் படுப்பதும் போதுமென்று இப்போதைக்குச் சொல்லியிருக்கிறார்கள். பாய் நனைவது குறைந்திருக்கிறது. முன்பு பிள்ளைக் காம்பராவில் நண்பகலுக்குள் சுருண்டு விடுபவன், இப்பொழுது மாலை வரை மற்றவர்களோடு விளையாடுகிறானாம். பேச்சு இன்னும் சில சொற்களே. அச்சொற்களில் ‘மாமா’ என்பதும் ஒன்று என்று எழுதுவதில் எமக்குள்ள மகிழ்ச்சியை நேயர்கள் மன்னிப்பார்களாக.

பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே. உங்கள் பிள்ளை உறங்கிய பின் ஓர் இரவு, அரைமணி நேரம், விளக்கைச் சிறிதாக்கி அருகே அமர்ந்திருங்கள். வாரத்திற் பல இரவு குறட்டை, இடையில் மூச்சு நிற்றல், திணறி எழுதல், கழுத்தைப் பின்னே வளைத்தோ உட்கார்ந்தபடியோ உறங்குதல், உறக்கத்தில் மிகுந்த வியர்வை, காலையில் தலைவலி ஆகியவை இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏற்கெனவே வேறு நோயுள்ள பிள்ளையாயின் இன்னும் விரைந்து சொல்லுங்கள். ‘இப்படித்தான்’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். உறக்கம் வருத்தும் பாணி மருந்துகளை நீங்களாகக் கொடுக்கவேண்டாம். அவை தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். எந்தச் சத்திர சிகிச்சைக்குப் போனாலும், மயக்க மருந்து கொடுப்பவரிடம் ‘இவன் குறட்டை விடுபவன்’ என்பதை மறவாமற் கூறுங்கள். எம் போன்ற ஆசிரியர்களோ, வகுப்பில் உறங்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அவன் இரவில் எப்படி உறங்குகிறான் என்று அவன் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்போமாக.

சென்ற தைப்பொங்கலுக்கும் நாம் லயத்துக்குப் போயிருந்தோம். காம்பராவில் எல்லாரும் படுத்தாயிற்று. பிள்ளை மல்லாந்து, வாய் மூடி, ஓசையின்றி உறங்கினான். நடுச்சாமத்தில் கண் விழித்துப் பார்த்தால், தாயார் முன்போலவே எழுந்து உட்கார்ந்து, அவன் நெஞ்சின் மேல் கையை வைத்துக் கொண்டிருந்தார்.

“இப்பதான் நல்லா இருக்கானேம்மா, நீங்க தூங்கலாமே” என்றோம்.

“சத்தம் இல்லாட்டியும் பயமா இருக்குதுப்பா” என்றார் அவர்.

சிறிது நேரம் கழித்து, கை அங்கேயே இருக்க, அவரும் பிள்ளையின் பக்கத்திற் சாய்ந்தார். பின்பு இரண்டு மூச்சும் ஒழுங்காக வந்து போவதைக் கேட்டபடி நாமும் கண் அயர்ந்தோம்.